யாரைக் கேட்டு அனுப்பினார்கள்?

நவம்பர் வந்தால் திருமழிசைச் சேரியிலிருந்து ஒரு பெரியம்மா நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக்கு வரும். உயிரோடுதான் இருக்கிறேன் என்று லைஃப் சர்டிபிகேட்டில் கைநாட்டு வைக்கும். புருஷன் 1987இல் அமைதிப்படையோடு ஈழத்துக்குப் போனவர், திரும்பவில்லை. "வருசா வருசம் எங்கிட்ட சாட்சி கேக்குறீங்களே, அவர அனுப்புறப்ப யாரக் கேட்டீங்க?" என்றது.

யாரையும் கேட்கவில்லை. 1987 ஜூலை 29இல் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்துப் போட்டார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சுமார் 1,200 சிப்பாய்கள் இல்லை. செத்த ஈழத்தமிழருக்கோ ஒழுங்கான கணக்கே இல்லை. போருக்கு முன் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டாக வேண்டுமென்று நம் அரசியல் சட்டம் சொல்லவில்லை. 1999இல் கார்கில் போர் நடந்தபோது மக்களவையே கலைந்து கிடந்தது.

அப்படியானால் ஜனங்களையே கேட்கலாமா? எனக்குப் பயம் உண்டு. இங்கே பெரும்பான்மை என்பது ஊர், சேரி அல்ல. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஒதுக்கப்பட்ட தலைவர் நாற்காலியில் தலித் உட்காராதபடி 1996 முதல் 2006 வரை பார்த்துக்கொண்ட பெரும்பான்மை அது. டிவி முன்னால் உட்கார்ந்து 'போர்' என்று குத்திவிட்டுப் போகும். சாகிறது அடுத்தவன் பிள்ளைதானே!

இருந்தும் கேள் என்கிறேன். ஆனால் சிப்பாய் வீட்டு ஓட்டைத் தனியாக எண்ணு. அது 'வேண்டாம்' என்றால் போர் கிடையாது. இது அதிசயமான கோரிக்கை அல்ல தோழர்களே. 1932இல் அம்பேத்கர் பெற்றுத் தந்த தனி வாக்காளர் தொகுதியும் இரட்டை ஓட்டும் பூனாவில் பறிபோகாமல் இருந்திருந்தால் நமக்குப் பழகிப்போயிருக்கும்.

பெரியம்மாவின் கைநாட்டை அன்றைக்கே வாங்கியிருக்க வேண்டும்.