காற்றை அடைத்த குற்றம்

என் அக்கா தென்காசியில் இருக்கிறாள். ஆனி மாதத்தில் அவள் டெலிபோனில் கூப்பிட்டால், "சாரல் விழுது, வந்து ரெண்டு நாள் குளிச்சுட்டுப் போ" என்பதற்காகத்தான் இருக்கும். இந்தத் தடவை குரலே வேறாக இருந்தது.

"ஏலே, நீதான் வந்து அவனுக்குப் புத்தி சொல்லணும். காரைப் பிரிச்சுப் போட்டுட்டான். சீமையிலேருந்து என்னமோ ஊதுற மிஷினை வரவழைச்சு வச்சிருக்கான். போலீஸ் புடிச்சா ஜெயிலுன்னு சொல்லுதாவ" என்றாள்.

புத்தி சொல்லத்தான் போனேன். போன இடத்தில் கட்சி மாறிவிட்டேன். ஏன் மாறினேன் என்பதை எழுதிவிடுவது நல்லது. அக்காவும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறாள்.

கார் ஒரு எம்.ஜி. டி.டி. 1949-லிருந்து 1953 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் செய்த இரட்டை ஆசன வண்டி. ஆரியங்காவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கிடந்ததை அத்தான் அந்தக் காலத்தில் வாங்கிப் போட்டார். அவர் போன பிறகு மாட்டுக்கொட்டிலில் கோழி அடைந்து கிடந்தது. மருமகன் அதை நான்கு வருஷம் உழைத்து ஓட வைத்தான். அப்போது ஊரே மெச்சியது. ஓடுகிற வண்டியை இன்னும் கொஞ்சம் நன்றாக ஓட வைக்கப் பார்த்ததும் பையன் கெட்டுப்போய்விட்டான் என்கிறார்கள்.

அவன் செய்த காரியம் இதுதான். பெட்ரோல் யந்திரம் காற்றைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தன் பாரத்தால் உள்ளே நுழைகிறது. சதுர அங்குலத்துக்குச் சுமார் 14.7 பவுண்டு என்ற அந்தப் பாரத்துக்கு மேல் இயற்கை ஒன்றும் தராது. சூப்பர்சார்ஜர் என்பது அந்தக் காற்றைப் பிடித்துத் தள்ளி உள்ளே அடைக்கிற சாதனம். மருமகன் வாங்கியது பழைய மார்ஷல். ஒரு கூட்டுக்குள் 8 என்ற எண்ணின் உருவத்தில் இரண்டு உருளைகள். ஒன்றை ஒன்று தொடாமல், ஆனால் மயிரிழை இடைவெளியில், எதிரெதிராகச் சுழல்கின்றன. கிராங்க் முனைப் புல்லியிலிருந்து பெல்ட் போட்டு அவற்றைச் சுழற்ற வேண்டும். ஐந்தாறு பவுண்டு அழுத்தம் கூடுதலாகக் கிடைக்கும். 1250 சி.சி. யந்திரம் ஏறக்குறைய 1600 சி.சி. யந்திரம் குடிக்கிற காற்றைக் குடிக்கும். ஆனி ஆடியில் தென்காசிக் கோயில் வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அங்கே காற்றே ஆளைப் பிடித்து உள்ளே தள்ளுகிறது.

இது காரோடு பிறந்த யோசனை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860-ஐ ஒட்டி இதைச் செய்தார்கள். பிற்பாடு இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதியது. அதாவது நம் ஊர்க் கொல்லன் துருத்திதான், பல்சக்கரம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

நான் போனபோது கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிப் பழைய தினசரி மேல் வைத்திருந்தான். லேத்துப் பட்டறையில் கடைந்த புல்லியை எடுத்துக் காட்டினான். மூன்றாவது புல்லி. முதல் இரண்டும் அரை மில்லிமீட்டர் கோணலாம். பெல்ட் தின்றுவிடும் என்று தூக்கிப் போட்டிருக்கிறான். இந்தத் தேசத்தில் அரை மில்லிமீட்டருக்காக ஒரு பொருளைத் தூக்கிப் போடுகிற ஆளை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"காற்றை அமுக்கினால் சூடு ஏறும், மாமா. சூடு ஏறினால் பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் தலை உருகிப்போகும்" என்றான்.

"பிறகு எதற்கடா இந்த வேலை?"

"அதுக்குத்தான் இக்னிஷனைக் கொஞ்சம் பின்னால் தள்ளணும். இந்த எஞ்சினுக்குக் கம்ப்ரெஷன் ஏழேகால்தான். யுத்தம் முடிஞ்ச சமயம் அங்கே மட்டமான பெட்ரோல்தான் கிடைச்சுது. இப்ப வர்ற பெட்ரோல் தாங்கும்."

பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். நான்கு சக்கரத்துக்கும் லைனிங் புதிது, பிரேக் எண்ணெய்க் குழாய் புதிது என்று முதலில் அதைத்தான் காட்டினான். என் கட்சி மாறியது அந்த இடத்தில்தான்.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, ஐம்பத்திரண்டாம் பிரிவு. வண்டியை உற்பத்தியாளர் குறித்தபடிக்கு மாறாக மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அக்கா சொன்ன ஜெயில் இதுதான். அவள் கற்பனை அல்ல.

சட்டத்தின் நோக்கத்தை நான் பரிகசிக்கவில்லை. சைலன்சரை அறுத்துவிட்டு மருத்துவமனை வாசலில் உறுமுகிறவனை, கண்ணைப் பறிக்கிற விளக்கு மாட்டுகிறவனை, வேனுக்குள் ஆசனத்தைக் கூட்டி ஆட்டுமந்தை போல் ஜனங்களை அடைக்கிறவனை எப்படித் தடுப்பது? தடுக்கத்தான் வேண்டும். ஆனால் இவர்களையும் என் மருமகனையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

உற்பத்தியாளர் குறித்தபடி என்கிறீர்கள். எந்த உற்பத்தியாளர்? ஆபிங்டன் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. மூடுவதற்கு முன்னால், இந்த வண்டி புதிதாக விற்ற காலத்திலேயே, அந்தத் தொழிற்சாலை வண்டிக்காரர்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் போட்டது. யந்திரத்தின் பலத்தைப் படிப்படியாகக் கூட்டுவது எப்படி என்று அதில் சொல்லியிருக்கிறது. சூப்பர்சார்ஜரும் அதில் உண்டு. தகப்பனே பிள்ளைக்குக் காது குத்தலாம் என்று எழுதிவைத்திருக்கிறான். தகப்பன் சம்மதம் எங்கே என்று கேட்கிறார் அயல்வீட்டுக்காரர்.

இன்னொரு விந்தை. அதே பெட்ரோல் காரில் அங்கீகாரம் பெற்ற எரிவாயு உருளை பொருத்தலாம். அங்கீகாரம் பெற்ற சாமான் என்றால் யந்திரத்தையே எடுத்து எறிந்துவிட்டு மின்சார மோட்டார் வைக்கலாம். வண்டி எதைக் குடிக்கலாம் என்று தீர்மானிக்க வழி இருக்கிறது. எப்படி மூச்சு விடலாம் என்பதற்குத்தான் வழி இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று 2021-ல் தனி விதி வந்தது. நல்ல விதி. ஆனால் யந்திரத்தில் பெரிய மாற்றம் இருந்தால் அந்தச் சலுகையும் இல்லை.

நான் அவனுடன் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள். "பரிசோதித்துப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள், தேறவில்லையென்றால் கழற்றிவிடுகிறான்" என்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையானவர். "பரிசோதிக்க எனக்கு அதிகாரம் இருந்தால்தானே, சார்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஜெர்மனியில் இப்படி மாற்றிய வண்டியைப் பரிசோதகர் பார்த்து, சரியாக இருந்தால் வண்டிக் காகிதத்திலேயே எழுதிக் கொடுக்கிறார். தவறாக இருந்தால் ரோட்டுக்கு வரவிடுவதில்லை. நம்மிடம் மறுக்க ஒரு ஆள் இருக்கிறார், பார்க்க ஒரு ஆள் இல்லை.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்றவர், ஒரு வாதம் வைத்தார். பென்ட்லி என்ற மேதை தன் காரில் சூப்பர்சார்ஜரைச் சேர்ப்பதை வெறுத்தார். பர்க்கின் என்ற பந்தயக்காரர் பிடிவாதமாகச் சேர்த்தார். 1930 லெ மான் பந்தயத்தில் பர்க்கின் வண்டிகள் பாதியில் நின்றன, சேர்க்காத பென்ட்லிதான் ஜெயித்தது என்றார். வாஸ்தவம். அதே வருஷம் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பர்க்கின் இரண்டாவதாக வந்தார் என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். எது சரி என்பதை அங்கே பந்தயத் தடம் தீர்மானித்தது. குமாஸ்தா தீர்மானிக்கவில்லை.

நமக்கும் அப்படி ஒரு தடம் இருந்தது. யுத்தகால விமானத் தளமான சோழவரத்தில், சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், பியட்டையும் ஹெரால்டையும் கொட்டகையில் வைத்துக் குடைந்து மாற்றியவர்கள் வந்து ஓட்டினார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் பந்தயக் கார்களை இங்கேயே செய்தார். 1995-ல் அவர் இறந்தது நமக்குப் பெரிய நஷ்டம். கையில் கிரீஸ் படுவதைக் கௌரவக் குறைவாக நினைக்காத மனிதர்கள் இருந்ததால்தான் அதெல்லாம் நடந்தது. மத்தியதர வகுப்பாராகிய நாம் பானெட்டைத் திறப்பதே இல்லை. பிள்ளை பொறியியல் படிக்க லட்சக்கணக்கில் கட்டுகிறோம். அவன் ஸ்பானரை எடுத்தால் பதறுகிறோம்.

ஒரு விஷயத்தில் அக்கா பக்கம்தான் நான். சீஸன் நாளில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஈரத் துண்டோடு நடக்கிற குடும்பங்கள், தலையில் எண்ணெய் வழிய ஓடுகிற குழந்தைகள், முந்திரிக்கொத்து விற்கிறவர்கள், குரங்குகள். ஐந்தருவிக்குத் திரும்புகிற இடத்தில் பஸ்ஸே நின்று நின்றுதான் போகும். அங்கே அந்த வண்டியை அவன் வேகமாக ஓட்டினால் நானே சாவியைப் பிடுங்கிச் சிற்றாற்றில் எறிவேன். இதை அவனிடமும் சொன்னேன். அவன் என்னைக் கொஞ்சம் அலட்சியமாகப் பார்த்தான்.

"இதை ஏன் மாமா அந்த ரோட்டுக்குக் கொண்டுபோறேன்? அங்கே போக அம்மாவோட ஸ்கூட்டர் இருக்கு" என்றான்.

லாரியில் ஏற்றிக் கோவைக்கு அருகே உள்ள பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிருக்கிறது. லாரி வாடகையில் பாதி என் தலையில். புறப்படுகிற அன்று காலையில் அக்கா வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னாள். அந்த ஊதுகிற மிஷினுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, "இதுலேயா சூடு ஏறும்னே?" என்று அவனிடம் கேட்டாள்.