அலமாரி மாறிய புத்தகம்



போன மாதத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில், நான்கு பக்கம். எழுதியவர் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடங்களாக இருக்கும் வாசகி. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தின் நடுவில் ஒரு வரி: “நான் ஒரு நாள் லீவு போட்டால்தான் சார், நான் அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரிகிறது.”

சப்ளையர் அனுப்பும் பில்லையும் சரக்கோடு வந்த டெலிவரி சலானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவும் விலையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. இரண்டு முறை பணம் போகவிருந்த பில்களை எத்தனையோ தடவை பிடித்து நிறுத்தியிருக்கிறார். சமீபத்தில் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் தேவைப்பட்டபோது, இவருக்குப் பின்னால் சேர்ந்த ஒரு தம்பிக்கு அந்த இடம் போனது. காரணம் கேட்டாராம். “அவன் நாலு பேர்கிட்ட நல்லா பேசுவான்மா” என்று பதில் வந்ததாம். கடைசியில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “வேலையை மாற்றிக்கொள்வதா, என்னை மாற்றிக்கொள்வதா?”

நடந்த தவறு எல்லார் கண்ணிலும் படும். நடக்காமல் தடுத்த தவறு யார் கண்ணில் படும்? அடுப்படியில் நிற்பவர்களுக்கு இந்த நியாயம் நன்றாகவே தெரியும். உப்புக் கூடினால் வீடே பேசும். சரியாக இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

அந்தக் கடிதத்தை மடித்து வைத்த பிறகு, என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் இந்தத் தொழிலுக்குள் ப்ரூஃப் ரீடராகத்தான் நுழைந்தேன். அது ஒரு நாளிதழ். எது என்பது வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எங்களுக்குப் பொழுது விடியும். ஒரு ராத்திரியில் முப்பது, நாற்பது பிழைகளைப் பிடிப்போம். ஒரே ஒரு நாள், இரங்கல் விளம்பரம் ஒன்றில் காலமானவர் பெயரும் விளம்பரம் கொடுத்த மகனின் பெயரும் இடம் மாறி அச்சாகிவிட்டன. மறுநாள்தான் மேனேஜருக்கு என் பெயர் தெரிந்தது.

ஆறு வருடம் கழித்து என்னை ரிப்போர்ட்டர் ஆக்கினார்கள். சம்பளம் கூடியது, பெட்ரோல் காசு தனி, தெருவில் ஒரு மரியாதை. வீட்டில் கேசரி கிண்டினார்கள். எனக்கோ அது எட்டு மாதத் தண்டனை. விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நோட்டும் பேனாவுமாக நிற்பேன். உள்ளே போய்க் கேட்க வாய் வராமல் திரும்பிவிடுவேன். ஒரு நாள் எங்கள் சீஃப் சப் எடிட்டர் டீக்கடைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: “உன்னை மேல ஏத்திவிட்டோம்னு நினைச்சோம்ப்பா. பக்கத்து ரூமுக்குத்தான் அனுப்பியிருக்கணும்.” அந்தப் பக்கத்து அறை, ஞாயிறு மலர் பகுதி. பிறர் எழுதியதைச் செம்மைப்படுத்துகிற வேலை. நேரில் கேள்வி கேட்க வராதவனுக்கு, ஒரு கட்டுரையில் எந்தக் கேள்வி விடுபட்டிருக்கிறது என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அன்று பிடித்த நாற்காலியில்தான், கொஞ்சம் நகர்ந்து, இன்றும் உட்கார்ந்திருக்கிறேன்.

இதில் நான் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒன்று உண்டு. ப்ரூஃப் பார்த்த காலத்தில் வேலை எனக்குப் பொருந்தியது; மதிப்புதான் கிடைக்கவில்லை. ரிப்போர்ட்டர் ஆனபோது மதிப்புக் கிடைத்தது, வேலை பொருந்தவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். ஆனால் வலிப்பது ஒரே இடத்தில்தான்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மறுநாளை நினைக்கும்போது. அதனால்தான் ஒன்றுக்கு மற்றொன்றின் மருந்தைத் தின்றுகொண்டிருக்கிறோம்.

மதிப்பும் சம்பளமும் கூடிய இடத்தில் போய் மாட்டிக்கொண்டு தவித்த ஒரு பெரியவரை இங்கே சொல்ல வேண்டும். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். பேச்சில் திக்கல் உண்டு. திக்குகிறவருக்கு ஆசிரியர் வேலை எதற்கு என்று நாமாக இருந்தால் தீர்ப்பு எழுதியிருப்போம். அவருக்கோ வகுப்பறைதான் உயிர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவரை நியமித்தார்கள். கூடுதல் சம்பளம், பெரிய பதவி. போய் உட்கார்ந்த சில நாட்களிலேயே அவருக்குத் தாங்கவில்லை. மாணவர்களின் சத்தத்துக்குப் பழகியவர், வருவோர் போவோர் அதிகமில்லாத கட்டடத்தில் புத்தகங்களோடு தனியாக! கல்லூரிக்கே ஓடிவந்து, பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று மன்றாடினார்.

அவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதலில் லண்டன் போய் நூலகத் துறையைப் படித்துவிட்டு வா. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பழைய இடம் உனக்குத்தான். போனார். படித்தார். பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1925-இல் திரும்பியவர் கணித வகுப்புக்குப் போகவில்லை. ஏறத்தாழ இருபது வருடம் அதே நூலகத்தில் இருந்தார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கினார். 1933-இல், நூல்களை வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்ததற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. அவர் பிறந்த நாளாகக் கருதப்படும் ஆகஸ்ட் 12-ஐத்தான் இன்று நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

லண்டனில் இருந்த அந்த நாட்களில் வேலை மாறவில்லை. பதவியின் பெயரும் மாறவில்லை. புத்தகங்களைக் காவல் காக்கும் வேலை என்று நினைத்திருந்ததற்குள், தான் நேசித்த கணிதமும் இருக்கிறது, தான் தேடிய மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதை அவர் கண்டுபிடித்தார். லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்திருக்கிறார். அதே சில துண்டுகளைக் கழற்றி மாட்டி விதவிதமான பொம்மைகளைச் செய்யலாம். ஒரு நூலின் பொருளையும் அப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, பிறகு சேர்த்தால் என்ன? இந்தப் பொறியிலிருந்து வந்ததுதான் கோலன் பகுப்பு.

நம் திருப்பூர் வாசகிக்கு நான் சொல்ல விரும்புவது இங்கே இருக்கிறது. அம்மா, “கணக்குப் பிரிவு” என்று ஒரே சொல்லில் உங்கள் வேலையைச் சொல்லாதீர்கள். அதைக் கழற்றிப் பாருங்கள். பில் சரிபார்ப்பது ஒரு துண்டு. சப்ளையரோடு போனில் மல்லுக்கட்டுவது ஒன்று. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. மாதக் கடைசியில் முதலாளி முன்னால் கணக்கை விளக்குவது ஒன்று. ஒரு மாதம், சனிக்கிழமைதோறும், எந்தத் துண்டில் நேரம் போனதே தெரியவில்லை, எந்தத் துண்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று குறித்துவையுங்கள். சூப்பர்வைசர் வேலையில் பாதிக்கு மேல் உங்களுக்குக் கடிகாரம் பார்க்கும் துண்டுகளாக இருந்தால், உங்களிடமிருந்து பறிபோனது நாற்காலி இல்லை. அதோடு வரவேண்டிய மரியாதையும் பணமும்தான். அதை வேறு வழியில் கேட்கலாம். இல்லை, அந்தத் துண்டுகளும் உங்களுக்குப் பிடித்தவைதான் என்றால், உங்களுக்கு நடந்தது அநீதிதான். அந்த இடத்தையே கேளுங்கள்.

கேட்பதிலும் ஒரு விதம் உண்டு. “என்னை யாரும் மதிக்கவில்லை” என்றால் எதிரே இருப்பவர் தன் நியாயத்தைப் பேசத் தொடங்கிவிடுவார். “இந்த ஆறு மாதத்தில் இரட்டைப் பட்டுவாடா ஆகவிருந்த பில்கள் இத்தனை, அதனால் மிச்சமான தொகை இத்தனை” என்று ஒரு தாளை நீட்டினால், தாள் பேசும். அதிகம் பேசாதவர்களுக்குத் தாளைப் போல ஒரு துணை இல்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். “அது அவங்க சுபாவம், அமைதியா இருந்தா போதும்னு இருப்பாங்க” என்று சொல்லியே குறைந்த சம்பளத்தில் வேலை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. சுபாவத்துக்கு ஏற்ற வேலை என்பது, குறைந்த கூலியைப் பொறுத்துக்கொள்வதற்கான சமாதானம் ஆகிவிடக் கூடாது. எவ்வளவு சொல்லியும் அசையாத இடமென்றால், கிளம்பத்தான் வேண்டும். ஆனால் கோபத்தில் ராஜினாமாக் கடிதத்தை வீசிவிட்டு வராதீர்கள். வாடகைக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் கோபம் புரியாது. அடுத்த இடத்தில் ஒரு கால் ஊன்றிக்கொண்டு மறுகாலை எடுங்கள்.

மேலே இருப்பவர் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு மனிதரின் கதை. 1912 மார்ச் முதல் தேதி, சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். கல்லூரித் தேர்வில் தோற்றவர், பட்டம் கிடையாது. பெயர் ராமானுஜன். அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இந்தக் குமாஸ்தாவிடம் இருப்பது லெட்ஜருக்குள் அடங்காத ஒன்று என்று கண்டுகொண்டார். சாயங்காலங்களில் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். தனக்கும் மேலே இருந்த துறைமுகத் தலைவர் ஃப்ரான்சிஸ் ஸ்ப்ரிங்குக்கும் எடுத்துச் சொன்னார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அடுத்த வருடம் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். அங்கே அவரை அழைத்துக்கொண்ட கணித அறிஞர் ஹார்டியின் பெயர் நமக்கெல்லாம் மனப்பாடம். நாராயண ஐயரை எத்தனை பேர் நினைக்கிறோம்? நல்ல குமாஸ்தா ஒருவரைப் பிரிவுக்குள்ளேயே பூட்டிவைத்துக்கொள்வது ஒரு மேலதிகாரிக்கு எவ்வளவு சுலபம்! அவர் அனுப்பிவைக்கத் துணிந்தார்.

பின்னாளில் ராமானுஜனைப் பற்றி ஆங்கிலத்தில் 1967-இல் ஒரு நூல் வந்தது. எழுதியவர் வேறு யாருமில்லை, அந்த நூலகர் ரங்கநாதன்தான். கணிதத்தை விட்டுப் போனவர், அதை விட்டுவிடவே இல்லை.

நூலகர்கள் சொல்வார்கள்: அலமாரி மாறி வைக்கப்பட்ட புத்தகம், தொலைந்த புத்தகத்துக்குச் சமம். உள்ளேதான் இருக்கும், ஆனால் தேடி வருகிறவர் கைக்குக் கிடைக்காது. ரங்கநாதனின் ஐந்து விதிகளில் ஒன்றின் சாரம், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. மனிதர்களுக்கும் அதுவே பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அலமாரியை மாற்றவேண்டியவர்கள் பாதி நாம்; மீதிப் பாதி, நமக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்கள்.

இதை எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. நானும் சிலருக்கு மேலே உட்கார்ந்திருப்பவன்தானே? எழுந்து போய் நம் இதழின் விவரப் பகுதியைப் புரட்டினேன். ஆசிரியர் பெயர் இருக்கிறது. வடிவமைத்தவர், ஓவியர், விளம்பரப் பிரிவு, அச்சகம் எல்லாம் இருக்கின்றன. இந்தப் பக்கங்களைப் பல வருடங்களாக எழுத்தெழுத்தாகப் படித்துப் பிழை நீக்கும் அம்மையார் பெயர் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் ப்ரூஃப் ரீடராக இருந்தவன் நடத்தும் பத்திரிகையில்!

அவரைக் கூப்பிட்டு, இந்த இதழிலிருந்து உங்கள் பெயர் வரும் என்றேன். “வேண்டாம் சார். பெயர் வந்தால் பிழைக்கெல்லாம் வாசகர்கள் என்னைத்தானே திட்டுவார்கள்?” என்று சிரித்தார். பிறகு இந்தப் பக்கத்தின் அச்சுப்படியை நீட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் ஏழு திருத்தங்கள். அதில் ஒன்று, நான் ‘மதிப்பு’ என்று எழுத நினைத்து ‘மதிப்ப’ என்று விட்டிருந்த இடம்.

பெயர் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்