கற்பூரச் சத்தியமும் கணக்குப் புத்தகமும்

சோழபுரம், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கங்களில் மில் கூலியானாலும், வெளியூர் போய்ச் சம்பாதித்து வந்ததானாலும், நான்கு காசு சேர்ந்தவுடன் அது நிலத்தைத் தேடித்தான் ஓடுகின்றது. ஒருவர் தனியாக வாங்க முடியாத நிலத்தை நாலு பேர் கூட்டாக வாங்கி, மனையாகப் பிரித்து விற்று, லாபத்தைப் பங்கிட்டுக் கொள்வது எங்கும் நடக்கும் வியாபாரமாகி விட்டது. அவ்வியாபாரத்தை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் பணம் போட்டவன் ஒருவன், பத்திரம் எழுதிக் கொண்டவன் வேறொருவன், விற்ற பணத்தை வாங்கிக் கொண்டவன் மற்றொருவன் என்றாகி, பணம் போட்டவன் கடைசியில் தெருவில் நிற்பதைக் காணும்போது, அவனுக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கின்றது என்பதைச் சொல்ல வேண்டியது நமது கடமை என்று கருதுகின்றோம்.

மோசம் போனவன் முதலில் எங்கே போகின்றான்? கோவில் வாசலுக்குப் போய், "கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்" என்கின்றான். ஊரார் பணத்தை விழுங்கத் துணிந்தவன் ஒரு கற்பூரக் கட்டிக்கா பயப்படப் போகின்றான்? தாராளமாகச் செய்து விடுகின்றான். அடுத்தபடி சாதிப் பெரியவர்களிடம் போகின்றான். அவர்களோ, "நம்ம ஆள், கோர்ட்டுக்குப் போனால் நமக்குத்தான் தலைகுனிவு" என்று வாயை அடைக்கின்றார்கள். பிறகு ஜோசியன் வந்து, சனி விலகினால் பணம் வருமென்கின்றான். இப்படி வருஷங்கள் ஓடுகின்றன. அதற்குள் மிச்சமிருந்த மனைகளும் விலையாகி விடுகின்றன.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகின்றது? 1932ஆம் வருஷத்துக் கூட்டு வியாபாரச் சட்டத்தின்படி, எந்தக் கூட்டாளிக்கும் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுத்துக் கொள்ளவும் உரிமை உண்டு. கூட்டின் பேரால் ஒருவன் இரகசியமாக அடித்த லாபத்தை அவன் கூட்டுக்கே கணக்கு ஒப்புவித்துக் கொடுக்க வேண்டும். அவனது மோசடியால் வந்த நஷ்டத்தையும் அவனே ஈடு செய்ய வேண்டும். ஆகவே கணக்குக் கேட்பதென்பது யாரிடமும் பல்லைக் காட்டிக் கெஞ்சும் காரியமல்ல.

ஆனால் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. கூட்டை ரிஜிஸ்தர் செய்யாவிட்டால், ஒப்பந்தப்படியுள்ள உரிமைக்காக ஒரு கூட்டாளி மற்றவன் மேல் தாவா போட முடியாது என்று அச்சட்டத்தின் 69வது பிரிவு தடுக்கின்றது. ரிஜிஸ்தர் மனுவிலோ எல்லாக் கூட்டாளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். சண்டை வந்த பிறகு மோசக்காரன் கையெழுத்துப் போடுவானா? எனவே அது சிநேகமாயிருக்கும்போதே முடிக்க வேண்டிய காரியம். அப்படிச் செய்யாமல் விட்டவர்களுக்கும் ஒரு கதவு திறந்தே இருக்கின்றது. கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைத் தீர்க்கவும் தாவா போடலாமென்று அதே பிரிவு இடம் கொடுக்கின்றது. பத்திரத்தில் மத்தியஸ்தர் மூலம் தீர்த்துக் கொள்வதாக எழுதியிருந்தால், 1996ஆம் வருஷத்துச் சட்டப்படி மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டும்.

இதில் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது காலவரம்பு. கூட்டுக் கலைந்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் கணக்குத் தாவா போட்டாக வேண்டும். மோசடி மறைக்கப்பட்டிருந்தால் அது தெரிய வந்த நாளிலிருந்து, அல்லது முயன்றிருந்தால் தெரிந்திருக்கக் கூடிய நாளிலிருந்து, காலம் கணக்காகும். கூட்டாளி கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி வந்தாலோ கெடு இன்னும் குறைவு. பாங்கி தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்து, அது சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கு மேல் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் பிராது கொடுக்க வேண்டும். சனி விலகும் வரையில் இந்தக் கெடுக்கள் காத்திருக்குமா என்று கேட்கின்றோம்.

போலீஸில் எழுதிக் கொடுத்தால் மறுநாளே பணம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கின்றார்கள். கூட்டுச் சொத்தைக் கூட்டாளி எடுத்துக் கொண்டதினாலேயே அது நம்பிக்கை மோசக் குற்றமாகி விடாது, அச்சொத்து தனி ஏற்பாட்டின் பேரில் அவன் வசம் ஒப்படைக்கப்பட்டதாக ருசுவாக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு முன்பே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. ஆனால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்துடன், இன்னொருவன் நிலத்தைத் தன்னுடையதென்று காட்டியோ, பொய்ப் பத்திரம் காட்டியோ பணம் வாங்கியிருந்தால் அது கிரிமினல் குற்றமே. 420 என்று பேரெடுத்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்குப் புதிய சட்டத்தில் 318 என்றாகியிருக்கின்றது. போலீஸ் ஸ்டேஷனில் பிராதை வாங்க மறுத்தால் ஜில்லா சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதிலும் பலனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

கூட்டாளியாக இல்லாமல், நிலத்தைக் காட்டி அதிக வட்டி தருவதாகச் சொன்னதை நம்பிப் பணம் கட்டினவர்கள் வேறு ரகம். நிலத்தின் பேரால் பி.ஏ.சி.எல். கம்பெனி ஏறக்குறைய 5.85 கோடிப் பேரிடம் சுமார் 49,100 கோடி ரூபாய் வசூலித்ததாகக் கண்டு, அதைத் திருப்பித் தரும்படி 2014இல் செபி உத்தரவிட்டது. அதன் சொத்துக்களை விற்றுப் பணம் கொடுக்க 2016இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி லோதா தலைமையில் ஒரு கமிட்டியை அமைக்கச் சொல்லிற்று. நமக்கு அருகில், மதுரை நியோமேக்ஸ் கம்பெனியின் மேல் இவ்விதமான புகார்கள் வந்து, 2023இல் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசார் வழக்குப் பதிந்தார்கள். யார் குற்றவாளி என்று சொல்ல வேண்டியது கோர்ட்டே தவிர நாமல்ல. இப்படிப் பணம் கட்டினவர்களுக்கு 1997ஆம் வருஷத்துத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. அதன்படி மோசக்காரன் சொத்தை ஜப்தி செய்து, விற்று, பணம் கட்டினவர்களுக்குப் பங்கிடலாம்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை நிலத்தைக் காப்பதாகும். வில்லங்கச் சான்று எடுத்து நிலம் இன்று யார் பேரில் நிற்கின்றதென்று பாருங்கள். இரசீது, பாங்கிக் கணக்கு, டெலிபோன் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தாவாவுடன் கூடவே விற்பனைக்குத் தடையுத்தரவு கேளுங்கள். பணம் உங்களுடையதாயிருந்து பத்திரம் கூட்டாளி பேரிலிருந்தால் பினாமிச் சட்டம் குறுக்கே வரும். கூட்டுக்காகவே அவன் பேரில் வாங்கப்பட்டது என்பதைக் காட்ட எழுத்து வேண்டும்.

ஏழைக்கு ஏது கோர்ட்டு என்பீர்கள். 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், ஆதி திராவிடர் பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும், குறைந்த வருமானக்காரர்களுக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. விருதுநகர் ஜில்லாவின் தலைமைக் கோர்ட்டு விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கின்றது. அவ்வூர்க் கோபுரத்தைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அக்கோர்ட்டிலுள்ள இலவச சட்ட உதவி ஆபீஸின் படியேறியிருப்பார்கள்?

ஆகவே தோழர்களே! கூட்டாளி நம் சாதிக்காரன் என்பதும், பக்திமான் என்பதும், நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டுத் தொடங்கினான் என்பதும் எந்தக் கோர்ட்டிலும் சாட்சியமாகாது. பணம் கொடுக்கும் முன்பே எழுத்து வாங்குங்கள். மாதா மாதம் கணக்குக் கேளுங்கள். "என்னை நம்பவில்லையா?" என்று எவன் கோபித்துக் கொள்கின்றானோ, அவனிடம் அன்றைக்கே கணக்கைத் தீர்த்துக் கொள்ளுங்கள். மோசம் போயிருந்தாலோ, அதை வெட்கமென்று மூடி வைக்காமல், கையிலுள்ள காகிதங்களுடன் இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்லுகின்றோம்.