பொட்டி நல்லாத்தான் இருக்கு, ப்ரவுசர்தான் செத்துப்போச்சு

ஒரு கம்ப்யூட்டர் எப்போ சாகும்? ஹார்ட் டிஸ்க் போனா, மதர்போர்டு புகைஞ்சா சாகும்னு நினைச்சிட்டிருக்கோம். இப்பல்லாம் அப்படி இல்லை மக்களே. ஃபேன் சுத்தும், மானிட்டர் எரியும், கீபோர்டில் நாலு எழுத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தி அடிக்கணும். ஆனா ப்ரவுசரைத் திறந்தா பாதி தளங்கள் வெள்ளைத் தாளா நிக்கும். பொட்டிக்கு உயிர் இருக்கு, வெளியுலகத்துக்குப் போகிற கதவை மட்டும் பூட்டிட்டாங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு. எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் கைகழுவியது 2014 ஏப்ரல் 8. குரோம் அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சு, 2016 ஏப்ரலில் 49ஆம் பதிப்போட நிறுத்திக்கொண்டது. ஃபயர்பாக்ஸ் 2018 வரை இழுத்தது. அடுத்து விண்டோஸ் 7. 2009இல் வந்தது. இலவச ஆதரவு 2020 ஜனவரி 14ஓட முடிஞ்சது, காசு கட்டின கம்பெனிகளுக்கு 2023 ஜனவரி 10 வரை. சரியா நாலு வாரம் கழிச்சு, 2023 பிப்ரவரி 7இல் வந்த குரோம் 110க்கு விண்டோஸ் 10ஆவது வேணும். விண்டோஸ் 7, 8, 8.1 எல்லாத்துக்கும் 109தான் கடைசி.

குரோம் போனா குரோம் மட்டும் போகாது. அதே இன்ஜினில் ஓடுகிற எட்ஜும் 109ஓட நின்னது. எலக்ட்ரான் 23ஆம் பதிப்பில் விண்டோஸ் 7ஐ விட்டது, அதை வைத்துக் கட்டின எத்தனையோ மென்பொருள்கள் பின்னாடியே போச்சு. விளையாட்டுக்காரங்களோட ஸ்டீம் கூட, உள்ளே குரோம் இருக்கு என்ற காரணத்தைச் சொல்லி 2024 ஜனவரி 1இல் கடையைக் கட்டியது. சீட்டுக்கட்டு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு.

பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அந்தப் பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். ஒரு பழைய ஓ.எஸ்ஸுக்கு ஆதரவு கொடுக்கிறதுன்னா சும்மா இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் அதிலும் ஓட்டிப் பார்க்கணும், புது வசதிக்கெல்லாம் பழைய மாற்று வழியையும் கூடவே சுமக்கணும். ப்ரவுசரின் பாதுகாப்புக் கூண்டுக்குத் தேவையான சில பூட்டுகள் விண்டோஸ் 8இல்தான் வந்தது, 7இல் கிடையாது. அதைவிட முக்கியம், கீழே இருக்கிற ஓ.எஸ்ஸின் ஓட்டையை யாருமே அடைக்காதபோது மேலே ப்ரவுசரை மட்டும் புதுப்பிச்சு என்ன பிரயோஜனம்? அஸ்திவாரம் ஆடுகிற வீட்டுக்கு எட்டு லீவர் பூட்டு போட்ட கதைதான். அதனால ப்ரவுசர்காரன் ஒருநாள் நிறுத்தத்தான் செய்வான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

நிறுத்துகிற விதத்தில் வித்தியாசம் இருக்கு. ஃபயர்பாக்ஸ் 2023 ஜூலையில் வந்த 115ஐ விண்டோஸ் 7, 8க்கும், பழைய மேக் பொட்டிகளுக்கும் தனிக்கிளையா ஒதுக்கியது. புது வசதி கிடையாது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும்னாங்க. முதலில் சொன்ன கெடு 2024 செப்டம்பர். கெடு வந்ததும் ஆட்கள் இன்னும் இருக்காங்கன்னு பார்த்து நீட்டிச்சாங்க. அப்புறம் மறுபடியும் நீட்டிச்சாங்க. குரோமைவிட சின்னக் கடை, ஆனா வாசல்ல நிக்கிறவனைப் பார்த்து ஷட்டரை இறக்குகிற கடை.

சரி, யாரோடதான் சண்டை? நம்ம ஆளுங்களோடதான். அதாவது இணையதளம் கட்டுகிற என்னைப் போன்ற மென்பொருள்காரங்களோட.

மாமா சாத்தூரில் டிடிபி கடை வெச்சிருக்கார். ரெண்டு பொட்டி, ரெண்டுமே விண்டோஸ் 7. ஏன் மாத்தலைன்னு கேட்டா அவர்கிட்ட நல்ல காரணம் இருக்கு. பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும், பத்து வருஷமா சேர்த்த கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை மாதிரிகளும் அதில்தான் இருக்கு. ஸ்கேனரும் அதில் மட்டும்தான் பேசும். அந்த ஏரியா பசங்க விண்ணப்பம் போட வர்றதும் அங்கேதான். போன வருஷம் ஒரு கல்லூரி விண்ணப்பம், கடைசி நாள். தளம் திறக்குது, ஆனா மாவட்டம் தேர்ந்தெடுக்கிற பெட்டி காலி. மாவட்டம் போடாம அடுத்த பக்கம் போகாது. ஸ்கேன் பண்ணின சான்றிதழை கேபிள் போட்டு போனுக்கு மாத்தி, அந்தக் குட்டித் திரையில் ஒண்ணரை மணி நேரம் உட்கார்ந்து அனுப்பியிருக்கார். அந்தப் பொண்ணு பக்கத்திலேயே நகத்தைக் கடிச்சிட்டு நின்னதாம். ராத்திரி எனக்கு போன். "மாப்ள, மிஷின்ல ஏதும் கோளாறா?"

வீடியோ காலில் அவரை எஃப்12 அமுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரே ஒரு சிவப்பு வரி. மாவட்டப் பட்டியலை அகரவரிசைப்படுத்த 'டூசார்ட்டட்' என்று ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டிருக்காங்க. அது குரோமில் வந்தது எந்தப் பதிப்பில் தெரியுமா? 110. மாமாகிட்ட இருந்தது 109. இதே வேலையை ஒரு நகல் எடுத்து, ஆதிகாலத்து 'சார்ட்'டில் செய்தா இருபது வருஷத்துப் பழைய ப்ரவுசரிலும் ஓடும். ஒரு வார்த்தை வித்தியாசத்தில் ஒரு பொண்ணோட கல்லூரி விண்ணப்பம் தொங்குது. வேடிக்கை என்னன்னா, ஃபயர்பாக்ஸ் 115இல் அந்த ஃபங்ஷன் உண்டு. அதை நிறுவினதும் பட்டியல் வந்துடுச்சு.

இது யாரும் கெட்ட எண்ணத்தோட செய்யறதில்லை. எழுதினவனோட லேப்டாப்பில் ஓடிச்சு, டெஸ்ட் பண்ணினவனோட லேப்டாப்பில் ஓடிச்சு, கதை முடிஞ்சது. டெயில்விண்ட் என்று எல்லாரும் பயன்படுத்துகிற அலங்காரக் கருவி, 2025 ஜனவரியில் வந்த அதன் 4ஆம் பதிப்புக்கு குரோம் 111ஆவது, ஃபயர்பாக்ஸ் 128ஆவது வேணும். அதைப் போட்டுக் கட்டினா விண்டோஸ் 7க்கான கடைசி ரெண்டு ப்ரவுசருமே வெளியே. கருவியைத் தேர்ந்தெடுக்கிற அந்த அஞ்சு நிமிஷத்தில் யாரை வெளியே தள்ளுறோம்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. ஆதரவை நிறுத்தறது ப்ரவுசர்காரன் எடுத்த முடிவு. ஆனா ஒரு விண்ணப்பப் படிவம், ஒரு பஸ் நேர அட்டவணை, ஒரு கதை, அந்த ப்ரவுசரில் திறக்காமப் போறது நாம எடுத்த முடிவு.

அதுக்காக பழைய பொட்டியில் எல்லாமே செய்யலாம்னு சொல்ல வரலை. அப்டேட் நின்ன ஓ.எஸ்ஸில் பேங்க் கணக்கைத் திறக்காதீங்க, மெயில் பாஸ்வேர்டைக்கூடத் தட்டாதீங்க. பேங்க் தளம் அந்தப் பொட்டியை வாசலோட திருப்பி அனுப்பினா அது சரி. படிக்கிற பக்கமும், மாவட்டப் பெட்டியும் திருப்பி அனுப்பினா அது சோம்பேறித்தனம்.

பொட்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. 64 பிட் ப்ராசசரா இருந்தா லினக்ஸ் மின்ட் மாதிரி ஒண்ணைக் கூடவே நிறுவுங்க. இன்னைக்கு வந்த ஃபயர்பாக்ஸும் குரோமும் அதே பொட்டியில் ஓடும். இரும்பில் குறை இல்லைங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? மாமா கடையில் இப்போ ஒரு பொட்டி அப்படித்தான். பத்திரிகை வேலைக்கு நெட் இல்லாத விண்டோஸ் 7, விண்ணப்பத்துக்கு லினக்ஸ். யோசிச்சுப் பார்த்தா நம்ம அரசாங்கம் 2011இல் கொடுக்க ஆரம்பிச்ச இலவச மடிக்கணினியிலேயே விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்தது. நாமதான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை.

இது ஏதோ பழைய பொட்டிக்காரங்க பிரச்சினைன்னு நினைச்சா, அடுத்த வரிசையைப் பாருங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை முடிச்சது. விண்டோஸ் 11க்குப் போகணும்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெலும், டிபிஎம் 2.0 சிப்பும் வேணும். 2017இல் அறுபதாயிரம் கொடுத்து வாங்கின லேப்டாப்புக்குக் கதவு சாத்தியாச்சு. விண்டோஸ் 10இல் எட்ஜுக்கு 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் உண்டுன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் மூச்சு இருக்கு. அப்புறம் இதே கதை, இதைவிடப் பெரிய கூட்டத்தோட.

நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. மூத்த பதிவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஃபயர்பாக்ஸ் 2 காலத்தில் 'ஜஸ்டிஃபை' போட்டா தமிழ் எழுத்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா உடைஞ்சு விழுமாம். (நான் அப்போ அரை டிராயர், கேள்வி ஞானம்தான்.) எல்லாருடைய வார்ப்புருவிலும் அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லி ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் திருத்தினாங்க. 2008இல் ஃபயர்பாக்ஸ் 3 வர்ற வரைக்கும் ப்ரவுசர்காரனைத் திட்டிட்டு உட்காரலை, தன் பக்கத்தைச் சரி பண்ணினாங்க. அதேதான் இப்பவும். ஜாவாஸ்கிரிப்டை அணைச்சுட்டு உங்க பக்கத்தைத் திறந்து பாருங்க. எழுத்து தெரியுதா? தெரிஞ்சா எந்தக் கிழட்டுப் பொட்டியிலும் உங்களைப் படிப்பாங்க. தெரியலைன்னா ஓரத்தில் தொங்குகிற கடிகாரம், பறக்குற பட்டாம்பூச்சி, எவனோ கொடுத்த விட்ஜெட், இதில் ஒண்ணு வழியை மறைச்சிட்டிருக்கு. தூக்குங்க.

பி.கு: உங்க வீட்ல, கடையில இன்னும் ஓடிட்டிருக்கிற பழைய பொட்டி எது, அதில் எந்த ப்ரவுசர்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. "புதுசா ஒண்ணு வாங்கிட வேண்டியதுதானே"ன்னு சொல்ல வர்றவங்க, கூடவே மாமாவுக்கு ஒரு செக் அனுப்பிடுங்க.