கோடை விடுமுறையில் ஆராய்ச்சி!

1907-ம் ஆண்டு கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் வேலைக்கு வந்தார். திருச்சியில் பிறந்தவர். வயது 18. அங்கிருந்த ஒரு விஞ்ஞானச் சங்கம் தன் ஆராய்ச்சிக் கூடத்தை அவருக்குத் திறந்துவிட்டது. பகலில் கணக்கு வேலை. காலையிலும் இரவிலும் ஆராய்ச்சி! அவர்தான் சர் சி.வி. ராமன். 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

இன்றைய இளைஞருக்கு அப்படி ஒரு கதவு உண்டா? உண்டு!

1934-ல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாடமியை ராமன் நிறுவினார். அது வேறு இரண்டு அகாடமிகளுடன் சேர்ந்து கோடை ஆராய்ச்சித் திட்டம் நடத்துகிறது. பெரிய விஞ்ஞானி ஒருவரிடம் 2 மாதம் இருந்து ஆராய்ச்சி பழகலாம். உதவித் தொகையும் உண்டு. மாணவர் மட்டும் அல்ல, கல்லூரி ஆசிரியர்களும் மனுச் செய்யலாம். ஓர் ஆசிரியர் கற்று வந்தால் வகுப்பு முழுவதும் பயன் பெறுமே!

மார்க் மட்டும் போதாது. எதை ஆராய விருப்பம் என்று மாணவர் எழுத வேண்டும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். கோடைக்குப் பல மாதம் முன்பே மனு வாங்குவது முடிந்துவிடும். சேதி தாமதமாக எட்டினால், கெட்டிக்கார மாணவரும் ஓர் ஆண்டை இழக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினம். 1928-ல் ராமன் தமது கண்டுபிடிப்பைச் செய்த நாள். அன்று கல்லூரிகளில் கூட்டம் நடக்கும். அடுத்த ஆண்டு மனுவுக்கு அன்றே ஆயத்தம் தொடங்கலாம். பெற்றோரும் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்கலாம்: "மனுப் போட்டாயா?"