வேலை தெரியாதவங்க இல்ல, மலையை விட்டு இறங்கினவங்க

இன்னைக்கு வயக்காட்டுக் கதையோட என் தப்பு ஒண்ணையும் சொல்லணும்.

போன பிசானத்துக்கு நடுகை நடக்கும்போது ஒரு அம்மா வேலை கேட்டு வந்தா. ஐம்பதை ஒட்டின வயசு. மாஞ்சோலையில கொழுந்து பறிச்சவ. முப்பது வருசம் ஒரே வேலை. நடுகைக்கு வர்ற பொம்பளைங்க செட்டா சேர்ந்து, ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி, கூலியைச் சமமாப் பிரிச்சுக்கிடுவாங்க. ஒருத்தி பின்தங்கினா மொத்த செட்டுக்கும் நட்டம். அந்த அம்மாவுக்குச் சேத்துல கால் ஊன்ற முடியல. நாத்து முடி பிரிக்கத் தெரியல. ரெண்டாம் நாள் செட்டுக்காரங்க முகத்தைச் சுளிச்சாங்க. நான் கூலியில நூறு ரூபா குறைச்சுக் குடுத்து, "நாளைக்கு வேண்டாம்மா"ன்னுட்டேன். "வேலை தெரியாம ஏன் வரணும்?"னு வாய்விட்டும் கேட்டேன்.

அந்த அம்மா சொன்னது: "அண்ணாச்சி, எனக்கு வேலை தெரியாம இல்ல. இந்த வேலைதான் தெரியாது."

அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் வரல.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு மேல அஞ்சு ஊரு. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்கு விட்ட நிலம், 8,374 ஏக்கர் சொச்சம். குத்தகை 2028-ல முடியுது. அதுக்கு முன்னாடியே 2024-ல விருப்ப ஓய்வுன்னு சொல்லி வேலையை முடிச்சுட்டாங்க. பேரு விருப்ப ஓய்வு. எத்தனை பேருக்கு விருப்பம் இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. வேலையோட சேர்ந்ததுதான் அங்க வீடு. ஒண்ணு போனா ரெண்டும் போச்சு.

இதே சனங்க கூலிக்காக 1999 ஜூலை 23-ஆம் தேதி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனப்பதான் போலீஸ் தடியடியில தாமிரபரணிக்குள்ள 17 உசுரு போச்சு. அதை நம்ம ஜில்லாவுல யாரும் மறக்கல.

எஸ்டேட்டை அரசாங்கத்தோட டான்டீ எடுத்து நடத்தணும்னு கேஸ் போட்டாங்க. 2024 டிசம்பர்ல மதுரைக் கிளை தள்ளுபடி செஞ்சிருச்சு. காடு காடாகணும்னு சொல்லுதாங்க. அதுக்கு நான் எதிரி இல்ல. மணிமுத்தாறு அந்த மலையில இருந்துதான் இறங்குது. மலை நல்லா இருந்தாத்தான் கீழ கார், பிசானம்னு ரெண்டு போகம். ஆனா அந்தத் தண்ணிக்கான விலையை அந்தச் சனம் மட்டும் ஏன் குடுக்கணும்?

வீடு தாரோம், கடன் தாரோம், பயிற்சி தாரோம்னு அரசாங்கம் சொல்லுது. வீடு வேணும்தான். ஆனா ஐம்பது வயசுல ஒருத்தி தையலோ பீடி சுத்தவோ புதுசாக் கத்துக்கிட்டு, சின்ன வயசுலயே பழகினவளோட போட்டி போட முடியுமா? அவளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு யாராவது கேட்டாங்களா? ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு பார்த்துக் கிள்ளுறது மட்டும் இல்ல. நாற்றங்கால் போடத் தெரியும், கவாத்து பண்ணத் தெரியும், அட்டையும் மழையும் யானையும் உள்ள சரிவுல நாள் முழுக்க நிக்கத் தெரியும். தேயிலையை எடுத்துட்டு நம்ம நாட்டு மரங்களை அங்க வளர்க்கணும்னா, அதுக்கு இவங்களை விடப் பொருத்தமான ஆள் யாரு? அந்த வேலையை நிரந்தரச் சம்பளத்துல முதல்ல இவங்களுக்குத்தான் குடுக்கணும்.

இது ஒண்ணும் புதுசு இல்ல. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்த மலையகத் தமிழருக்காக நீலகிரியில தேயிலை போட்டு வேலை குடுத்தாங்க. அந்த டான்டீயே அப்படி வந்ததுதான். தெரிஞ்ச தொழிலைத் தேடிக் குடுக்கணும்கிற எண்ணம் அன்னைக்கு இருந்திச்சு.

நம்மளையும் யோசிங்க. கண்ணடியன் கால்வாய்ல நாளைக்கே தண்ணி நின்னு, இந்த வயசுல நான் திருநெல்வேலி டவுன்ல ஒரு கடை வாசல்ல போய் நின்னா, "உனக்கு என்ன தெரியும்?"னுதான் கேப்பாங்க. நெல்லு தெரியும்னா சிரிப்பாங்க.

குறைச்ச நூறு ரூபாயைக் குடுக்கலாம்னு மணிமுத்தாறு பக்கம் போய் விசாரிச்சேன். மகன் கூட திருப்பூருக்குப் போயிட்டாளாம். பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுதாளாம். ரூபா இன்னும் என்கிட்டதான் இருக்கு.

உங்க வயலுக்கு மலையில இருந்து யாராவது வேலை கேட்டு வந்தா, நாலு நாள் பழகவிடுங்க. முழுக்கூலியைக் குடுங்க. நான் செய்யாததைத்தான் சொல்லுதேன்.