வேனில் போன துக்கம்

பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் பட்டு, கூலி, சங்கம் என்றுதான் பேசுவார்கள். எனக்கு அது ஒரு பேருந்துப் படம். 1948, மழை. சிறையிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வேங்கடம் ஊருக்குப் போகிறான், கூடவே காவலுக்குப் போலீஸ். மகளைப் பட்டுடுத்திக் கட்டிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்து, அதற்காக முதலாளியின் பட்டு நூலை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டவன். அந்த மகள் இப்போது கை கால் விளங்காமல் வீட்டில் கிடக்கிறாள். அவன் வாழ்க்கை முழுவதும் அந்தப் பயணத்தில்தான் அவனுக்குத் திரும்ப வருகிறது. 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டும் இதற்குக் கிடைத்தன. வேங்கடமாக வரும் பிரகாஷ்ராஜ் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களுக்கே அந்த விருதைக் கொடுத்திருப்பேன் நான்.

நெசவுக்காரர் வீட்டில் துக்கப்படவே நேரம் இருக்காது. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் எங்கள் அம்மா இறந்தபோது தறியில் பாவு பாதியில் நின்றது. அம்மாதான் கோர்வைக்கு உட்காருவாள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்யும் புடவைக்கு ஓர் ஆள் போதாது. அப்பா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை இன்னொரு கை வாங்கிப் போட வேண்டும். முன்பணம் வாங்கியாயிற்று, புடவைக்குத் தேதி சொல்லியாயிற்று. காரியம் முடிந்ததும் அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அப்பா என்னிடம் நூல் அறுந்தால் மட்டும் பேசினார்.

அவர் வாய் திறந்தது ராமேஸ்வரம் போன வேனில். அஸ்தி கரைக்கப் போன வண்டி அது. புளிச்சோறு, தண்ணீர்க் கேன், யார் முன்சீட்டில் உட்காருவது என்று சண்டை. உளுந்தூர்பேட்டை டீக்கடையில் பெரியப்பா ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தோம், அப்பாவும் சிரித்தார். அக்னி தீர்த்தத்தில் அவர் அழவில்லை. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, மதுரை வழியாகத் திரும்பும்போது பரமக்குடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். தறிச் சத்தம் கேட்ட ஒரு தெருவுக்குள் நடந்துபோய், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்றார். யார் வேண்டும் என்று உள்ளேயிருந்து ஓர் அம்மா கேட்டார். “நாங்களும் நெசவுக்காரங்கதாம்மா. சம்சாரத்தைக் கரைச்சிட்டு வர்றோம்” என்றார் அப்பா. அந்த அம்மா பாய் எடுத்துப் போட்டார். அந்தப் பாயில் உட்கார்ந்துதான் அழுதார்.

தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்படி ஒரு வேன் பயணம் போயிருக்கும். நம் சினிமாவில் அது எங்கே? சாவு வந்தால் ஒரு பாட்டு, மாலை போட்ட படம், அடுத்த காட்சியில் பழிவாங்கல். சாவுக்குப் பிறகு பசிக்கும், சிரிப்பு வரும், சொந்தக்காரர் மேல் எரிச்சல் வரும் என்பதைக் காட்டச் சின்னப் படங்கள்தான் துணிகின்றன.

மதுமிதா இயக்கிய ‘கேடி (எ) கருப்புதுரை’ 2019இல் வந்தது. தலைக்கூத்தல் செய்துவிடலாம், அதாவது எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிட்டுவிடலாம் என்று பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுவிட்ட ஒரு கிழவர் வீட்டைவிட்டு ஓடுகிறார். கோயிலில் வளரும் ஓர் அனாதைப் பையன் அவருக்குக் கூட்டாளியாகிறான். பிரியாணி தொடங்கி அவர் ஆசைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு இருவரும் ஊர் ஊராகப் போகிறார்கள். நாடகக்காரர் மு. ராமசாமியின் முகத்தில் பயமும் குறும்பும் ஒரே நேரத்தில் தெரியும். பையனாக நடித்த நாக விஷாலுக்குத் தேசிய விருது கிடைத்தது. வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. வெயிலில் நடக்கும் ஓர் அப்பனையும் மகனையும் பற்றிய அந்தப் படத்தை நம் ஆட்களில் பெரும்பாலோர் கைபேசித் திரையில்தான் பார்த்தார்கள். இது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

இந்தப் படங்கள் மெதுவாகப் போகின்றன, நம் ஜனங்களுக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கத்துத் திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள் இருக்கிறார். சீதையைத் தேடிப் போகும் வழியில் ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். பெற்ற தகப்பனுக்குக் கொள்ளிவைக்கக் கிடைக்காதவன், பாதி வழியில் ஒரு பறவைக்கு மகனாக நின்று அதைச் செய்கிறான். இவ்வளவு காலம் ஜடாயு கதையை அலுக்காமல் கேட்ட ஊர், ஒரு பேருந்துப் பயணத்தை ஒன்றரை மணி நேரம் பார்க்காதா?

பார்க்க இடம்தான் இல்லை. கேரளத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமே திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ என்று தியேட்டர்களை நடத்துகிறது. சின்னப் படத்துக்கு மானியம் கொடுப்பதோடு நம் அரசு நின்றுவிடக் கூடாது. காட்டுவதற்குத் திரையும் வேண்டும்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015 முதல் கொண்டாடுகிறோம். கண்காட்சி, பொன்னாடை, பேச்சு எல்லாம் நடக்கட்டும். அன்று சாயங்காலம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு திரை, எங்கள் முசரவாக்கத்தில் ஒரு திரை கட்டி ‘காஞ்சிவரம்’ போடுங்கள். கைத்தறித் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்தால் இது பெரிய செலவில்லை. மறுநாள் ‘கருப்புதுரை’ போடுங்கள், முதல் நாள் மனம் கனத்துப் போனவர்களுக்கு அது வேண்டும். ஏழரை மணிக்கு ஆரம்பியுங்கள், அதற்கு முன்னால் தறியைவிட்டு எழுந்திருக்க முடியாது. கிழவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். படம் முடிந்ததும் யாரும் மைக்கைப் பிடிக்க வேண்டாம். ஜனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.